தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டைத் தயார்செய்தல்: ஏழாம் மாதம் முதல் 45ஆம் நாள் வரை முழுமையான வழிகாட்டி

வளைகாப்பு முடிந்து மகள் வந்து சேர்ந்த பிறகுதான் பல தாய்வீடுகளில் வேலை ஆரம்பிக்கிறது. அதுவும் கடைக்குப் போவதில் ஆரம்பிக்கிறது. தூளிக்குக் கொக்கி அடிப்பதும் பழந்துணி துவைப்பதும் பாட்டியிடம் பேசுவதும் கடைசிக்குத் தள்ளிப் போகின்றன. அதற்குள் வலி வந்துவிடுகிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். தூசும் சத்தமும் கிளப்பும் வேலை முதலில், துணி அடுத்து, பேச்சுவார்த்தை அதற்கடுத்து, கடை கடைசியில். "பிறக்கும் முன்னே எதுவும் வாங்கக் கூடாது" என்று சொல்லும் வீடுகளுக்கும் இந்த வரிசை இடைஞ்சல் இல்லை. பிறந்த குழந்தைக்கு வேண்டியதில் பெரும்பங்கு வீட்டிலேயே இருக்கும் பழைய பருத்தித் துணிதான்.

1. பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மருத்துவர் எழுதித் தரும் தேதி 40 வாரம் நிறையும் நாள். 37 வாரம் ஆனதுமே எந்த நாளிலும் பிறக்கலாம். ஆகவே அந்தத் தேதிக்கு நான்கு வாரம் முன்னால், அதாவது 36ஆம் வாரத்தோடு, எல்லாமே முடிந்திருக்க வேண்டும். நாட்காட்டியில் அந்த நாளைச் சுழித்து வையுங்கள்.

வெள்ளையடிப்பு, பெயின்ட், கொக்கி ஆகியவை மகள் வருவதற்கு முன்பே முடிய வேண்டும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம்பிக்கை எதுவானாலும், சுவர் துளைக்கும் தூசியிலும் பெயின்ட் வாடையிலும் அவளைப் படுக்க வைக்காமலிருப்பது நல்லதுதான். துணிகள் 34ஆம் வாரத்துக்குள்ளும், பையும் தாள்களும் 36க்குள்ளும் தயாராகட்டும்.

2. அறையைத் தேர்ந்தெடுத்துத் தூசு வேலையை முடியுங்கள்

குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கும் அறையே தாய்க்கும் பிள்ளைக்கும் ஏற்றது. தையல் போட்ட உடம்போடு இரவில் நாலைந்து முறை எழுந்து போக வேண்டியிருக்கும். மாடி அறை எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம். ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கி வைப்பதும் வேண்டாம். காற்று வரட்டும், அது குழந்தையின் மேல் நேராக மோதாமல் இருந்தால் போதும்.

ஒட்டடை அடியுங்கள். ஃபேன் இறக்கைகளை ஈரத்துணியால் துடையுங்கள், பரணில் கிடக்கும் பழைய தாள் மூட்டைகளை வெளியேற்றுங்கள். பெயின்ட் அடிப்பதானால் குறைந்தது மூன்று வாரம் ஜன்னல் திறந்து கிடக்க வேண்டும். கடைசியாக ஜன்னல்களுக்குக் கொசுவலை அடியுங்கள். இதை முதலில் செய்துவிட்டுப் பிறகு ஒட்டடை அடிப்பவர்கள் வலை முழுக்கத் தூசியை ஏற்றிவிடுகிறார்கள்.

ஒரு சீரோ வாட் பல்பு, மின்தடைக்கு ஒரு சார்ஜ் விளக்கு, ஒரு பனையோலை விசிறி. அறைக்கு வேண்டிய சாமான் இவ்வளவே.

3. தூளி: கொக்கி, சேலை, கம்பு

எல்லோரும் எளிதென்று நினைக்கும் வேலை இது. பிசகினால் அடிபடுவது குழந்தையின் தலை. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கான்கிரீட் கூரையில் ஏற்கெனவே புதைத்த இரும்புக் கொக்கி இருந்தால் அதன் துருவைச் சுரண்டிப் பாருங்கள். சுரண்டச் சுரண்டச் செதிலாக உதிர்ந்தால் அது உதவாது. புதிதாகப் போடுவதானால் 10 மி.மீ. ஆங்கர் போல்ட்டோடு வரும் கொக்கியை, பூச்சைத் தாண்டி கான்கிரீட்டுக்குள் இறங்கும்படி துளையிட்டு முறுக்க வேண்டும். பூச்சில் மட்டும் பிடித்து நிற்கும் கொக்கி ஆட்டத்தில் தளர்ந்து ஒருநாள் பெயர்ந்து வரும். ஃபால்ஸ் சீலிங், ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தாங்கும் மெல்லிய குழாய், ஃபேன் மாட்டிய அதே கொக்கி ஆகிய மூன்றிலும் தூளி கட்டவே கூடாது. அத்தகைய வீடுகளுக்குக் கால் அகன்ற இரும்புத் தொட்டில் ஸ்டாண்டே சரி.

கொக்கி போட்டதும் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுக் கால் மணி நேரம் ஆட்டுங்கள், பிறகு ஒருநாள் முழுக்கத் தொங்கட்டும். குழந்தை மூன்று கிலோதானே என்று இந்தச் சோதனையை விட்டுவிடுகிறார்கள். ஆட்டும்போது கொக்கியின் மேல் விழும் இழுப்பு எடையைவிட அதிகம். தவிர, வீட்டுக்கு வந்துபோகும் பெரிய பிள்ளையொன்று எப்போதாவது அதில் தொற்றிக்கொள்ளத்தான் செய்யும்.

சேலை பருத்தியாக இருக்க வேண்டும், துவைத்துத் துவைத்து மெதுவானதாக, ஆனால் நைந்து போகாததாக. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மடிப்புகளில் இழை விட்டிருக்கிறதா என்று தெரியும். பாலியஸ்டர், சிந்தெடிக் சேலைகளில் முடிச்சு வழுக்கும், வியர்வையும் உறிஞ்சாது. இரட்டையாக மடித்துக் கட்டுங்கள். சேலையை நேராகக் கொக்கியில் கட்டாமல், கனமான நைலான் கயிறு அல்லது சங்கிலி வழியாக இறக்கி அதன் வளையத்தில் கட்டுங்கள். இரும்பில் உரசும் இடத்தில்தான் சேலை அறுந்து போகிறது. வாரம் ஒருமுறை முடிச்சை அவிழ்த்து, வளையத்தில் படும் இடத்தை ஒரு சாண் நகர்த்திக் கட்டினால் அந்தத் தேய்மானம் ஒரே இடத்தில் சேராது.

குழந்தையைக் கிடத்திய பின் தூளியின் அடி தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நிற்கட்டும். கீழே மெத்தை ஒன்றை விரியுங்கள். ஆடும் பக்கம் இரண்டிலும் மூன்றடிக்குச் சுவரோ பீரோவோ இருக்கக் கூடாது. தொட்டில் கம்பை மறக்க வேண்டாம். ஒன்றரை அடிக் கம்பு மேலே சேலையை விரித்துப் பிடிக்காவிட்டால், துணி இருபுறமும் மூடிக்கொண்டு முகத்தில் ஒட்டும், வெப்பமும் உள்ளேயே தங்கும்.

தூளியின் வளைவில் பச்சிளம் குழந்தையின் தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு தடைபடும். கழுத்து நிற்காத மாதங்களில் அதுவாகத் தலையை நிமிர்த்திக்கொள்ள முடியாது. ஆகவே பக்கத்தில் விழித்த ஆள் இருக்கும்போது ஆட்டித் தூங்க வைக்க மட்டும் தூளி. தூக்கம் பிடித்ததும் எடுத்துச் சமதளப் படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். இரவு முழுக்கத் தூளியில் விடுவது வேண்டாம்.

4. துணி: எத்தனை, எப்படி

முதல் மாதத்தில் சிறுநீர், மலம் இரண்டும் சேர்த்து ஒரு நாளைக்கு 15 முதல் 20 முறை துணி மாற்ற நேரும். மழைக்காலத்தில் காய இரண்டு நாள் ஆகும். ஆக 40 துண்டுக்குக் குறைந்தால் தட்டுப்பாடுதான். ஒரு எட்டு முழ வேட்டியை இரண்டடிச் சதுரங்களாகக் கிழித்தால் 12 துண்டு கிடைக்கும். நான்கு பழைய வேட்டி, கணக்கு முடிந்தது. கரையையும் ஜரிகையையும் வெட்டி எறியுங்கள், அவை தொடையைக் கீறும்.

முதல் இரண்டு மூன்று நாள் மலம் கறுப்பாய்த் தார் போல ஒட்டும். அந்தக் கறை போகவே போகாது. இருப்பதில் மிகப் பழைய துண்டுகளை அதற்கென ஒதுக்கி, பயன்படுத்தியதும் எறிந்துவிடலாம்.

பீரோவிலிருந்து எடுக்கும் துணியில் அந்துருண்டை வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். இருந்தால் அதைக் குழந்தைக்கு எடுக்காதீர்கள். சில குழந்தைகள் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டோடு பிறக்கின்றன. அவர்களுக்கு அந்துருண்டையிலுள்ள நாப்தலின் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரும். உங்கள் வீட்டுக் குழந்தை அப்படிப்பட்டதா என்று முன்கூட்டித் தெரியாது. தாயின் சேலை, போர்வை, வரும் விருந்தினர் தரும் பழைய சட்டை எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்தும்.

துவைக்கச் சாதாரண சோப்பு போதும். டெட்டால் ஊற்றி அலச வேண்டியதில்லை. மூன்று தண்ணீரில் அலசி நேர் வெயிலில் காயப்போடுங்கள். வெயில் இல்லாத நாட்களுக்கு அறைக்கு வெளியே, ஃபேனுக்கு அடியில் ஒரு கொடி கட்டிவைத்து, முக்கால் காய்ந்ததும் இஸ்திரி போட்டு முடிக்கலாம். அரைகுறையாகக் காய்ந்த துணிதான் இடுக்கில் புண்ணாவதற்கு முதல் காரணம்.

நாடா வைத்த பருத்திச் சட்டை எட்டு, குல்லா இரண்டு, காலுறை இரண்டு ஜோடி, துவட்டவும் சுற்றவும் மெல்லிய பருத்தித் துண்டு ஆறு. இதற்குமேல் வாங்க வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சட்டைதான் கொண்டு வருவார்கள். டயப்பர் வாங்குவதானால் பச்சிளம் குழந்தை அளவில் ஒரே ஒரு சிறிய பாக்கெட். சில வாரங்களில் அது பத்தாமல் போய்விடும்.

5. படுக்கை

பாய்மேல் இரண்டு கனத்த ஜமக்காளம், அதன்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் நான்காக மடித்த பருத்திச் சேலை. ரப்பர் ஷீட் தோலில் நேராகப் பட்டால் வியர்த்து வேர்க்குரு போடும், எனவே சேலை விலகாமல் ஓரங்களைச் செருகிவிடுங்கள். புதிய இலவம்பஞ்சு மெத்தை பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் கையால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும் படுக்கையில் குழந்தையின் முகம் புதைந்துபோகும்.

தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வருமென்று தைக்கும் கடுகுத் தலையணையும், இருபுறம் வைக்கும் குட்டித் திண்டுகளும் வேண்டாம். மல்லாந்து படுக்கும் குழந்தையின் தலை சற்றுத் தட்டையாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும். மூச்சை மறிக்கும் பொருள் எதுவும் படுக்கையில் இருக்கக் கூடாது என்பதே இதற்கெல்லாம் காரணம்.

தாய்க்குக் கையெட்டும் தூரத்தில், ஆனால் தனி விரிப்பில் குழந்தை படுக்கட்டும். குடைபோல் விரியும் கொசுவலையைப் பகலிலும் போடுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு கடிப்பது பகலில்தான். மூடிய அறையில் கொசுவத்திச் சுருள் கொளுத்த வேண்டாம்.

6. குளிக்க ஊற்றும் இடம்

மணைமேல் கால்நீட்டி உட்கார்ந்து கணுக்காலுக்கு மேலே குழந்தையைக் கிடத்தும் முறை நல்ல முறைதான், பழகிய கை வேண்டும். முன்கூட்டியே பார்க்க வேண்டியவை: வழுக்காத தரை, சாத்தக்கூடிய கதவு, எட்டும் தூரத்தில் துண்டு. காற்றடிக்கும் முற்றத்தில் ஈர உடம்போடு இருந்தால் குழந்தையின் சூடு சட்டென்று இறங்கிவிடும்.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசை மாறினால், ஊற்றுகிறவர் கலக்க மறந்த ஒருநாள் கொதிநீரே குழந்தையின்மேல் விழும். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது.

பிறந்து 24 மணி நேரத்துக்குள் குளியல் வேண்டாம். தொப்புள்கொடி விழும்வரை, பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம், ஈரத்துணியால் துடைத்தாலே போதும். கொடியில் மஞ்சள், சாம்பல், பவுடர், எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். காய்ந்தால் தானாக விழும். சுற்றிச் சிவந்தாலோ நாற்றம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதிச் சளி எடுப்பது, குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது மூன்றும் குளிப்பாட்டலோடு சேர்ந்து வருபவை. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். பிதுக்கிய மார்பு சீழ் கட்டும். குளிக்க ஊற்ற வருகிற அம்மாளிடம் முதல் நாளே, மரியாதையோடு, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

7. தாள்களும் பையும்

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்தால் 12 இலக்கப் பிக்மி எண் கிடைக்கும். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவைப்படும். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்கள் இதை விட்டுவிட்டுக் கடைசியில் அலைகிறார்கள். கணவர் ஊரில் பதிவு செய்திருந்தால், தாய்வீட்டுப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரிடமும் தகவல் சொல்லுங்கள். அடுத்த தடுப்பூசிகளை அவர்தான் பார்த்துக்கொள்வார்.

தாய், தந்தை பெயர்களின் எழுத்தும் இனிஷியலும் ஆதாரில் இருப்பதுபோலவே பதிவில் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். சான்றிதழ் அச்சான பிறகு ஓர் எழுத்தைத் திருத்துவது பெரும்பாடு. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. குழந்தையின் பெயரை அவசரமாக முடிவு செய்ய வேண்டியதில்லை, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு, தாயின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்க வேண்டும்.

பையை இரண்டாகப் பிரியுங்கள். பிரசவ அறைக்குப் போகும் சின்னப் பையில்: மருத்துவக் கோப்பு, ஆதார் நகல், பழைய மெல்லிய சேலை இரண்டு, குழந்தைத் துணி பத்து, துண்டு இரண்டு, குல்லா, நாப்கின். வார்டுக்கான பெரிய பையில்: முன்பக்கம் திறக்கும் நைட்டி நான்கு, ஃபிளாஸ்க், டம்ளர், தட்டு, ஸ்பூன், வாளி, சொம்பு, போர்வை, செல்போன் சார்ஜர். எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்தால், அவசரத்தில் துண்டுக்காகத் தட்டையும் சொம்பையும் கொட்டித் தேட வேண்டிவரும்.

ரத்தம் கொடுக்கக்கூடிய இருவரின் பெயரும் எண்ணும் கோப்பின் முதல் தாளில் இருக்கட்டும். தாய்க்கு நெகட்டிவ் வகை ரத்தமானால் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும்.

8. பெரியவர்களோடு பேசி முடிவெடுத்தல்

கொக்கிக்கு அடுத்து நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். குழந்தை பிறந்த பிறகு பாட்டியோடு வாதாடுவது தாயைத்தான் நோகடிக்கும். ஒன்பதாம் மாதப் பரிசோதனைக்கு இரு வீட்டுப் பாட்டிமாரில் ஒருவரையாவது அழைத்துப் போங்கள். மருத்துவரோ செவிலியரோ அவர் முன்னால் சொல்லட்டும். மகள் சொன்னால் "உன்னை வளர்த்தவள் நான்" என்று முடிந்துபோகும் பேச்சு, அங்கே முடியாது.

பேச வேண்டியவை இவை. சேனை தொட்டு வைப்பது (பிறந்ததும் நாவில் இனிப்பு தடவுவது), சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், வசம்பு உரசிக் கொடுப்பது எதுவும் வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், வெயில் காலத்திலும் தண்ணீர்கூடத் தேவையில்லை. தேனில் இருக்கும் ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் கூடாது, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை மார்புக்கு வர வேண்டும்.

மறுப்பதோடு நிற்காமல் மாற்று ஒன்றைச் சொல்லுங்கள். கண்ணுக்கு மை வேண்டாம், திருஷ்டிக்கு உள்ளங்காலில் ஒரு பொட்டு வைக்கலாம். சாம்பிராணி போட்டே ஆக வேண்டுமென்றால் கூடத்தில் போடட்டும், குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். புகை மூச்சுக்குழலை உறுத்தும்.

பத்தியம் தாயைப் பட்டினி போடுவதாக ஆகிவிடக் கூடாது. தண்ணீர் குடித்தால் தையல் ஆறாது என்று நிறுத்தி வைக்கிறார்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும். பூண்டு, கீரை, மீன், முட்டை, பருப்பு எல்லாம் உண்ணலாம். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தொடர வேண்டும்.

9. யார் எந்த வேலை

சமையல், துணி துவைப்பு, இரவுக் காவல் என மூன்றாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எழுதி ஒட்டுங்கள். பாட்டி ஒருவரே மூன்றையும் செய்தால் பத்தாவது நாள் அவரே படுத்துவிடுவார். துணி துவைப்பு தாத்தாவுக்கோ மாமாவுக்கோ போகட்டும். கணவர் வார இறுதியில் வரும்போது ஓர் இரவுக் காவல் அவருடையது.

10. வீட்டுக்கு வரும் நாளும் முதல் வாரமும்

அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்ப 102 தாய் சேய் நல ஊர்தி இலவசமாக உண்டு. பிறந்த அன்றே போட வேண்டிய பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி மூன்றும் அட்டையில் பதியப்பட்டனவா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆரத்தி வாசலோடு முடியட்டும். உள்ளே வந்ததும் பால், பிறகு தூக்கம், அதன்பிறகுதான் பார்க்க வந்தவர்கள். வாசலருகே சோப்பும் தண்ணீரும் வைத்தால், கை கழுவச் சொல்லும் சங்கடம் பாதி குறையும். சளி, இருமல் உள்ளவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் தூரத்திலிருந்து பார்க்கட்டும். முத்தம் வேண்டாம்.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் போதுகிறது என்று பொருள். முதல் வாரம் எடை சற்றுக் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். இது தெரியாமல் மூன்றாம் நாளே டப்பாப் பால் வாங்க ஓடுகிறார்கள். புட்டிக்குப் பழகிய குழந்தை மார்பைச் சரியாகப் பற்றாமல் போகலாம், சப்புவது குறைந்தால் பாலும் குறையும்.

108, மருத்துவமனை எண், பக்கத்து ஆட்டோக்காரர் எண் மூன்றையும் சுவரில் ஒட்டிவையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போதல், பால் குடிக்க மறுத்தல், மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குதல், வலிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்காலில் மஞ்சள் இறங்கினாலும் அப்படியே. இளவெயிலில் காட்டுவது காமாலைக்கு வைத்தியம் ஆகாது.

தாயையும் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் நாப்கின் முழுதும் நனையும்படி ரத்தம் போனாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ உடனே மருத்துவமனை. இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் "எல்லாருக்கும் வருவதுதான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

11. ஆறாம் வாரமும் அதற்குப் பின்னும்

45ஆம் நாளை ஒட்டி வரும் தடுப்பூசித் தேதியை இப்போதே நாட்காட்டியில் எழுதுங்கள். தீட்டுக் கழிப்பும் ஊசியும் ஒரே வாரத்தில் வரும், விருந்துக்காக ஊசி தள்ளிப் போகக் கூடாது.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீட்டுக்கு அனுப்பும்போது, அந்த வீட்டிலும் கொக்கியையும் கொசுவலையையும் ஒருமுறை பார்த்துவரச் சொல்லி ஆள் அனுப்புங்கள். அதற்குள் குழந்தை புரளத் தொடங்கியிருக்கும். புரண்ட குழந்தை தூளியிலிருந்து வெளியே சரியும், ஆகவே அங்கே முதல் ஏற்பாடு தரையில் விரித்த அகலமான ஜமக்காளமாக இருக்கட்டும். அதைச் சுற்றிக் கிடக்கும் நாணயம், பட்டன், கடலை எல்லாவற்றையும் தரையில் கன்னம் வைத்துப் பார்த்துப் பொறுக்கிவிட வேண்டும்.